கிளைச்சிறைக்குள் யார் இருக்கிறார்கள்? சிறைவாசிகளின் சமூக விவரக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் பழைய தாலுகா ஊர்களில் நீதிமன்றத்துக்கோ தாலுகா அலுவலகத்துக்கோ பக்கத்தில் உயர்ந்த மதிலோடு ஒரு சிறிய கட்டடம் இருக்கும். அதுதான் கிளைச்சிறை. கைதான ஒருவரை ரிமாண்ட் செய்ததும் பல நேரங்களில் முதலில் கொண்டுபோய் விடுவது அங்கேதான். புழலைப் பற்றியும் பாளையங்கோட்டையைப் பற்றியும் செய்தி வருகிறது. கிளைச்சிறையைப் பற்றி அநேகமாக வருவதில்லை. உள்ளே இருப்பவர்களின் வயது என்ன, எந்தச் சமூகத்தினர், எந்த மொழி பேசுபவர்கள், எத்தனை நாளாக அடைபட்டிருக்கிறார்கள் என்ற கணக்கு ஊருக்குத் தெரிவதில்லை. அந்தக் கணக்கை எடுப்பதும் வெளியிடுவதும் குறித்து மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் சிறைவாசிகளின் குடும்பத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

சமூக விவரம் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

வயது, பாலினம், சாதி, மதம், கல்வி, தொழில், தாய்மொழி, சொந்த ஊர், உடல் மற்றும் மனநலக் குறைபாடுகள். இவற்றோடு வழக்கின் நிலையும் சேர வேண்டும். எந்தப் பிரிவில் வழக்கு, உள்ளே வந்து எத்தனை நாள், இதுதான் முதல் வழக்கா, வக்கீல் இருக்கிறாரா, ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் கிடக்கிறாரா என்பதெல்லாம் தெரிய வேண்டும்.

இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கணக்குக்குப் பயன் உண்டு. உள்ளே இத்தனை பட்டியல் சாதியினர் இருக்கிறார்கள் என்பது பாதிச் செய்திதான். அதே குற்றப் பிரிவில் கைதான மற்றவர்களைவிட அவர்கள் கூடுதல் நாட்கள் உள்ளே இருக்கிறார்களா என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைத்தான் எங்கும் பார்க்க முடிவதில்லை.

மத்திய அரசு ஆண்டுதோறும் சிறைப் புள்ளிவிவர அறிக்கை வெளியிடுகிறதே, அது போதாதா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 1995ஆம் ஆண்டு முதல் அந்த அறிக்கையை வெளியிட்டு வருகிறது. அது இல்லாவிட்டால் நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 டிசம்பர் 31 அன்று நாட்டின் 1,330 சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள், அவர்களில் 4,34,302 பேர் விசாரணைச் சிறைவாசிகள் என்பது அதிலிருந்துதான் தெரியும். நான்கில் மூவர் தண்டனை பெறாதவர்கள். விசாரணைச் சிறைவாசிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லது பத்தாம் வகுப்பை எட்டாதவர்கள் என்பதும் அதில் வந்ததுதான். தடுப்புக்காவலில் இருப்போரில் ஏறத்தாழ பாதிப்பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பது 2021, 2022 அறிக்கைகளில் தெரிந்தது. குண்டர் சட்டம் இங்கே எவ்வளவு எளிதாகக் கையில் எடுக்கப்படுகிறது என்று வாதிடுபவர்களுக்கு அந்த ஒரு அட்டவணைதான் பலம்.

ஆனால் குறைகளும் பெரியவை. சாதி, மதம், கல்வி விவரமெல்லாம் மாநில அளவில் மட்டுமே கிடைக்கிறது. ஒரு குறிப்பிட்ட சிறையில் நிலைமை என்ன என்று பார்க்க வழியில்லை. சாதி ஒரு அட்டவணையிலும், உள்ளே இருந்த காலம் இன்னொரு அட்டவணையிலும் இருக்கும். இரண்டையும் இணைத்துப் படிக்க முடியாது.

தாமதம் இன்னொரு குறை. 2023ஆம் ஆண்டுக்கான அறிக்கை 2025இல்தான் வெளிவந்தது. 2016க்கான அறிக்கை 2019இல் வந்தபோது சாதி, மத விவரமே அதில் இடம்பெறவில்லை. அடுத்த அறிக்கைகளில் அவை திரும்ப வந்தன என்றாலும், ஒரு ஆண்டுக் கணக்கு விட்டுப்போனால் ஒப்பீடும் அங்கே அறுந்துவிடுகிறது. அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லியிருந்தால், வெளியிடுபவரின் விருப்பத்துக்கு அதை விட வேண்டியிருக்காது.

கிளைச்சிறை அளவில் கணக்கு வேண்டும் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்?

நாட்டின் சிறைகளில் எண்ணிக்கையால் மிகுதியானவை கிளைச்சிறைகளே. 2022 அறிக்கைப்படி 1,330இல் 570க்கும் மேற்பட்டவை கிளைச்சிறைகள். அவற்றில் ஆட்கள் தங்கும் விதமே வேறு. பதினைந்து நாள் ரிமாண்டில் வருவார்கள், ஜாமீனில் போவார்கள், அல்லது பெரிய சிறைக்கு மாற்றப்படுவார்கள். டிசம்பர் 31 இரவு யார் உள்ளே இருக்கிறார்கள் என்று மட்டும் எண்ணினால், பிப்ரவரியில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வேலையை இழந்து வெளியே போன கட்டடத் தொழிலாளி கணக்கில் வரவே மாட்டார்.

2021ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் நாடு முழுதும் உள்ளே இருந்தவர்கள் 5,54,034 பேர். அந்த ஆண்டில் சிறை வாசலைத் தாண்டி உள்ளே சேர்க்கப்பட்டவர்களோ 18 லட்சத்துக்கும் மேல். ஒரே ஆள் இரண்டு முறை சேர்ந்திருக்கலாம் என்று கழித்தாலும், ஆண்டு முடிவுக் கணக்கில் அகப்படாதவர்களே அதிகம். அவர்கள் எந்தச் சமூகத்தினர், எதற்காகக் கைதானார்கள், எத்தனை நாளில் வெளியே போனார்கள் என்று கேட்டால் பதில் கிளைச்சிறையின் சேர்க்கைப் பதிவேட்டில் மட்டுமே இருக்கிறது. அது எழுதப்பட்ட மேசையை விட்டு நகர்வதில்லை.

எனவே இருப்புக் கணக்கோடு வரத்துக் கணக்கும் வேண்டும். ஒவ்வொரு சிறையும் மாதம் ஒருமுறை, அந்த மாதத்தில் வந்தவர்கள், போனவர்கள், சராசரியாகத் தங்கிய நாட்கள் ஆகியவற்றைச் சமூக விவரத்தோடு வெளியிட்டாலே நிலைமை பெருமளவு மாறிவிடும்.

சிறைப் பதிவேட்டில் சாதிப் பத்தியையே நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதே? நீங்கள் சாதிக் கணக்கு கேட்பது அதற்கு எதிரானதல்லவா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்வியும்கூட.

2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடர்ந்த வழக்கில், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, பல மாநிலச் சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாட்டு விதிகளைச் செல்லாது என்றது. துப்புரவு வேலையை ஒரு சாதியாருக்கும் சமையலை இன்னொரு சாதியாருக்கும் ஒதுக்கும் விதிகள், சீர்மரபினரை, அதாவது ஒருகாலத்தில் குற்றப்பரம்பரையினர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களை, பழக்கக் குற்றவாளிகளாகவே பார்க்கும் விதிகள் எல்லாம் அடிபட்டன. சிறைக்குள் இருக்கும் பதிவேடுகளில் சாதிப் பத்தியை நீக்கவும் உத்தரவானது.

அந்தத் தீர்ப்பில் நம் ஊரும் இருக்கிறது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் வெவ்வேறு சாதியினரைத் தனித்தனிப் பிளாக்குகளில் அடைத்துவைத்திருந்ததை எதிர்த்து ஒரு வழக்கு வந்தது. சாதி மோதலைத் தடுக்கவே பிரித்துவைத்திருக்கிறோம் என்று அரசு சொன்ன பதிலைச் சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் ஏற்றுக்கொண்டது. அந்த நிலைப்பாடு சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் இந்தத் தீர்ப்பில் சொன்னது. ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் கடமை, அதற்காகச் சாதிவாரியாகப் பிரிப்பதை ஏற்க முடியாது என்பதே அதன் சாரம்.

ஆக, வாசலில் உட்கார்ந்திருப்பவர் சாதியைக் கேட்டு எழுதி, அதைப் பார்த்து பிளாக் ஒதுக்கி, வேலை ஒதுக்கும் ஏற்பாடுதான் அந்தப் பத்தியால் நடந்தது. அது ஒழிய வேண்டும். நாடு முழுதும் உள்ளே இருப்பவர்களில் எந்தச் சமூகத்தினர் எவ்வளவு என்று தொகுத்துப் பார்ப்பது வேறு வேலை. குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கெடுப்புக்கு இந்த உத்தரவு தடையாகாது என்று உச்ச நீதிமன்றமே பின்னர் தெளிவுபடுத்தியிருக்கிறது.

பதிவேட்டைக் கண்டு அஞ்சுவதற்கு நமக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. தென் மாவட்டங்களில் கைரேகைச் சட்டம் என்று அழைக்கப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், பிறப்பை வைத்து மனிதர்களைப் பதிவேட்டில் ஏற்றியது. அதற்கு உடன்படாமல் எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த நினைவு உள்ளவர்கள் சாதியைக் கேட்காதே என்று சொல்லும்போது அதை அலட்சியப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. எழுதுபவர் யார், அதைப் படிக்கப்போவது யார் என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி. சிறைவாசியை அடையாளம் காண அதிகாரி படிப்பதற்கென்று எழுதப்பட்ட பதிவேடு அன்று இருந்தது. நிர்வாகத்தைக் கேள்வி கேட்க மக்கள் படிப்பதற்கான கணக்கு இன்று வேண்டும்.

நடைமுறையில் அந்த இரண்டையும் எப்படிப் பிரித்து வைப்பது?

சாதி, மதம் இரண்டையும் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதவே கூடாது. பிளாக் ஒதுக்குபவர், வேலை ஒதுக்குபவர், சிறைக் காவலர் யார் கண்ணிலும் அது படக்கூடாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்கள் சிறைகளுக்கு வந்துபோகிறார்கள். வழக்கு நிலையைக் கேட்டுக் குறிக்கும்போதே இந்த விவரத்தையும் தனித்தாளில், பெயரில்லாமல், ஓர் எண்ணை மட்டும் இட்டு அவர்கள் வாங்கலாம். அந்தத் தாள் நேரே ஆணைக்குழுவுக்குப் போய் அங்கே தொகுக்கப்பட வேண்டும். சிறைக்குத் திரும்பி வருவது கூட்டுத்தொகை மட்டும்தான்.

இதற்குப் புதிய அமைப்பு ஒன்றும் தேவையில்லை. மாவட்டந்தோறும் விசாரணைச் சிறைவாசிகள் மறுஆய்வுக் குழு ஏற்கெனவே இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைவர். ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலர், சிறைப் பொறுப்பாளர் ஆகியோர் அதில் உண்டு. காலாண்டுக்கு ஒருமுறையாவது கூடுகிறார்கள். அவர்கள் முன் வைக்கப்படும் பட்டியலின் தொகுப்பையே பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடச் சொல்கிறோம்.

விவரங்களை யார், எப்படிக் கேட்க வேண்டும்?

சிறைவாசியிடமே கேட்க வேண்டும். இன்று பல விவரங்கள் காவல் நிலையத்து ரிமாண்ட் அறிக்கையிலிருந்து அப்படியே நகலெடுக்கப்படுகின்றன. காவலர் ஊகித்து எழுதிய வயதும் சமூகமும் அப்படியே சிறைக் கணக்காகிவிடுகிறது. வயது விஷயத்தில் இது மிகவும் ஆபத்தானது. பதினெட்டு முடியாதவரைப் பத்தொன்பது என்று எழுதிவிட்டால் அவர் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவதற்குப் பதிலாகச் சிறைக்குப் போகிறார்.

கேட்கும் நேரமும் முக்கியம். கைதான அன்று இரவு, மிரண்டுபோய் நிற்கும் ஆளிடம் எல்லாவற்றையும் கேட்டால் எதையாவது சொல்லிவைப்பார். உடல்நிலை, மருந்து, காயம் ஆகியவற்றை அன்றே கேட்டாக வேண்டும். மற்றவற்றை இரண்டு மூன்று நாள் கழித்துக் கேட்கலாம். சொல்ல விருப்பமில்லை என்பதும் ஒரு பதிலாக ஏற்கப்பட வேண்டும்.

சாதிப் பிரிவுகளை மத்திய அறிக்கை எடுப்பதுபோலவே எடுத்தால் போதுமா?

போதாது. அதில் பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோர், மற்றவர் என்று நான்கே பிரிவுகள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர், பட்டியல் சாதியினர், அவருள் அருந்ததியர், பழங்குடியினர் என்று பிரிவுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் நான்கு பெட்டிக்குள் அடைக்கும்போது சீர்மரபினர் இதர பிற்படுத்தப்பட்டோருக்குள் கரைந்துபோகிறார்கள். போலீஸ் சந்தேகம் தலைமுறை தலைமுறையாக யார் மீது முதலில் விழுகிறதோ அவர்களைத் தனியாகப் பார்க்க முடிவதில்லை. கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித் ஒருவரும் இங்கே சட்டப்படி பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் அந்தப் பெட்டியில்தான் விழுவார். மாநில வகைப்பாட்டின்படி எடுத்துக்கொண்டு, மத்திய அறிக்கைக்கு அனுப்பும்போது தொகுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு கணினிக் கட்டளை போதும்.

இந்தச் சமூகத்தவர்தான் குற்றம் செய்கிறார்கள் என்று இதே கணக்கைக் காட்டி யாராவது பேசமாட்டார்களா?

பேசுவார்கள். இப்போதும் பேசுகிறார்கள். கணக்கு இல்லாததால் அந்தப் பேச்சு நின்றுவிடவில்லை.

உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைச் சிறைவாசிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. விசாரணைச் சிறைவாசிகளில் அவர்கள் அண்மை ஆண்டுகளில் சுமார் 21 விழுக்காடு. இந்த இடைவெளி எதனால்? கைது செய்யப்படுவது அதிகமா, ஜாமீன் கிடைப்பது குறைவா, கிடைத்த ஜாமீனுக்குச் சொத்துக் காட்ட ஆள் இல்லையா? முழுமையான கணக்கு இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்கலாம். அரைகுறைக் கணக்கு இருக்கும்வரை அவரவர் முன்முடிவுக்கு ஏற்ப ஓர் எண்ணை உருவிக்கொள்வார்கள்.

ஜார்கண்டில் விசாரணைச் சிறைவாசிகளாக இருந்த பழங்குடி இளைஞர்களைப் பற்றி இப்படித்தான் ஓர் ஆய்வு நடந்தது. அதில் முன்னின்றவர் திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி. பின்னாளில் அவரே விசாரணைச் சிறைவாசியானார். நடுக்குவாத நோயோடு, உறிஞ்சிக் குடிக்கும் குவளைக்கும் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்தார்.

மாற்றுத்திறனாளிகள் பற்றிய கணக்கு இருக்கிறதா?

தேசிய அறிக்கையில் அதற்கென்று அட்டவணையே இல்லாமல் இருந்துவந்திருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு இப்போது தெளிவான உத்தரவு இருக்கிறது.

தசைச்சிதைவு நோயுள்ள ஒரு வழக்கறிஞர் சிறையில் தாம் பட்ட பாட்டைச் சொல்லித் தொடர்ந்த வழக்கில், 2025 ஜூலை 15 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தமிழ்நாட்டுச் சிறைகள் அனைத்துக்கும் விரிவான கட்டளைகள் இட்டது. சேர்க்கையின்போதே மாற்றுத்திறனாளிகளை அடையாளம் காண வேண்டும். அவர்களின் குறைபாடு, தேவையான வசதி, மருத்துவத் தேவை ஆகியவற்றைப் பிரித்துப் பதிந்து அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அந்தரங்கத்துக்குப் பங்கமில்லாமல் அந்தத் தரவைப் பொதுவெளியில் வைக்க வேண்டும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். சிறைவாசிகளின் சமூக விவரத்தை மக்கள் பார்க்கும்படி வெளியிடு என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒரு மாநிலச் சிறைத்துறைக்குச் சொல்லியிருக்கிறது. மற்ற விவரங்களுக்கும் இதையே முன்மாதிரியாக வைத்துக் கேட்கலாம். கிளைச்சிறைகளுக்கும் இது பொருந்தும். சக்கர நாற்காலி நுழையாத கழிவறை இருப்பது பெரும்பாலும் அந்தப் பழைய கட்டடங்களில்தான்.

திருநர்கள், பெண்கள், குழந்தைகள்?

திருநர் என்ற பிரிவு 2020ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்துதான் வந்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்ட பிறகே அது நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் திருநர் சிறைவாசிகள் ஆணாகவோ பெண்ணாகவோ எண்ணப்பட்டார்கள்.

2022 முடிவில் 1,537 பெண்கள் தங்கள் 1,764 குழந்தைகளோடு சிறையில் இருந்தார்கள். ஆறு வயது வரை குழந்தை தாயோடு இருக்கலாம். ஆனால் தாய் உள்ளே போனதால் வெளியே விடப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. வீட்டில் உங்களை நம்பியிருக்கும் குழந்தைகள் எத்தனை, இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சேர்க்கைப் படிவத்தில் இரண்டு கேள்வி சேர்த்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு உடனே தகவல் போகும். ஆண் சிறைவாசிகளிடமும் இதைக் கேட்க வேண்டும். நான் பட்டியலிட்டதிலேயே செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

தாய்மொழியை எதற்காகக் கேட்க வேண்டும்?

திருப்பூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கைதாகும் ஒடிசா, பீகார், அசாம் தொழிலாளிக்கு ரிமாண்ட் உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாது. மனு போட்டு அவரைச் சிறையில் சந்திக்க வருவதற்கும் இங்கே ஆள் இருக்காது. வேற்று மாநிலத்தவர் எத்தனை பேர் என்ற எண் அறிக்கையில் உண்டு. எந்த மொழிக்காரர் எந்தச் சிறையில் என்பது தெரிந்தால்தான் மொழிபெயர்ப்பாளரை அனுப்ப முடியும்.

சிறைக் கணக்கில் வராமலே அடைபட்டிருப்பவர்கள் உண்டா?

உண்டு. திருச்சி மத்திய சிறை வளாகத்திலேயே இருக்கும் சிறப்பு முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தமிழர் உள்ளிட்ட வெளிநாட்டவர் அங்கே வைக்கப்படுகிறார்கள். வெளியே போக முடியாது. ஆனால் அவர்கள் சட்டப்படி சிறைவாசிகள் அல்லர், முகாம் சிறைத்துறையின் கீழும் இல்லை. எனவே சிறைப் புள்ளிவிவரத்தில் அவர்களைத் தேடிப் பயனில்லை. காவல் நிலைய லாக்கப்பில் இருப்பவர்களும் அப்படியே. மதிலுக்குள் வைக்கப்பட்டிருக்கும் எவரும் ஏதாவது ஒரு பொதுக் கணக்கில் வந்தாக வேண்டும்.

கணக்கு ஒழுங்காக இருந்தால் தனிப்பட்ட சிறைவாசிக்கு என்ன நன்மை?

நேரடி நன்மை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 479ஆம் பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்திருந்தால் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. ஆயுள் தண்டனை, மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுதுவது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. 2024 ஜூலை 1க்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் இவர் இதற்கு முன் தண்டிக்கப்பட்டவரா என்பது சிறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு கட்டம் நிரப்பப்படாததால் ஒருவர் மாதக்கணக்கில் உள்ளே இருக்கக்கூடும்.

ஜாமீன் விஷயமும் அப்படித்தான். ஜாமீன் உத்தரவு வந்த தேதியை இ-பிரிசன்ஸ் மென்பொருளில் பதிய வேண்டும், ஏழு நாளில் விடுதலையாகாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31 அன்று உத்தரவானது. அந்தச் சமயத்தில் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் ஏறத்தாழ 5,000 பேர் இருப்பதாகத் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் கண்டறிந்திருந்தது.

ஆள் பற்றாக்குறையில் இருக்கும் கிளைச்சிறைக்கு இது கூடுதல் சுமை இல்லையா?

ஒரே விவரத்தை மூன்று பதிவேட்டில் கையால் எழுதுவதுதான் இன்றைய சுமை. ஒருமுறை கணினியில் ஏற்றினால் மாதத் தொகுப்பு தானாகவே வரும். உள்ளீடு செய்ய ஆளும் பயிற்சியும் கொடுக்காமல் அறிக்கை மட்டும் கேட்பது தவறு என்பதை ஏற்கிறேன். அதற்கான பணியிடங்களையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வெளிநாடுகளில் எப்படி?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறைவாசிகளின் எண்ணிக்கை வாராவாரம் வெளியாகிறது. இனவாரி விவரம் காலாண்டு அறிக்கைகளில் வருகிறது. அந்தக் கணக்குகளை வைத்துத்தான் 2017இல் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லேமி தலைமையிலான ஆய்வு, மக்கள்தொகையில் 14 விழுக்காடாக இருந்த சிறுபான்மை இனத்தார் சிறையில் 25 விழுக்காடாக இருப்பதைச் சுட்டியது. இனங்களுக்கு இடையே வேறுபாடு தெரிந்தால் நிர்வாகம் அதற்குத் தகுந்த காரணம் சொல்ல வேண்டும், சொல்ல முடியாவிட்டால் நடைமுறையைத் திருத்த வேண்டும் என்ற கொள்கையையும் அது முன்வைத்தது. நமக்கும் அப்படியொரு விதி வேண்டும் என்பது என் விருப்பம்.

அமெரிக்காவின் கவுண்டி சிறைகள் எனப்படும் உள்ளூர்ச் சிறைகள் நம் கிளைச்சிறைகளுக்கு நெருக்கமானவை. 2022 நடுவில் அவற்றில் 6,63,100 பேர் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஓராண்டில் நடந்த சேர்க்கைகளோ 73 லட்சம். அங்கும் வரத்துக் கணக்குதான் பெரிய கதையைச் சொல்கிறது. நியூயார்க் நகரம் தன் சிறைகளில் உள்ளவர்களின் வயது, இனம், பாலினம், வழக்கு நிலை ஆகியவற்றைப் பெயரில்லாமல் திறந்த தரவுத் தளத்தில் நாள்தோறும் புதுப்பிக்கிறது. வேறு பல இடங்களில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை வெள்ளையர் என்றே குறித்துவிடுவதால் இன வேறுபாடு மறைந்துபோவதாக ஆய்வாளர்கள் நெடுநாளாகக் குறை சொல்கிறார்கள். நம் நான்கு பெட்டிச் சிக்கலும் அதே வகைதான்.

வெளியிட்டால் சிறைவாசியின் அந்தரங்கம் என்னாகும்?

பெயர், முகவரி, படம், வழக்கு எண் எதுவும் வெளியாகக் கூடாது. சிறிய கிளைச்சிறையில் ஒரே ஒரு திருநங்கை இருந்தால் எண்ணே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட இடங்களில் ஐந்துக்குக் குறைவு என்று மட்டும் குறிக்கலாம், அல்லது மாவட்ட அளவில் சேர்த்துச் சொல்லலாம். எச்.ஐ.வி., மனநலம் போன்ற மருத்துவ விவரங்களை மாநில அளவுக்குக் கீழே வெளியிடாமல் இருப்பதே நல்லது.

அந்தரங்கத்தைக் காட்டி எல்லாவற்றையும் மறைப்பதற்கும் இடம் கொடுக்கக் கூடாது. தனிநபர் தகவலைத் தர மறுக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவு இப்போது விரிவாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கூட்டுத்தொகை எவருடைய தனிநபர் தகவலும் அல்ல.

சாதாரணக் குடிமகன் இதில் என்ன செய்ய முடியும்?

உங்கள் ஊர்க் கிளைச்சிறையிலிருந்து தொடங்குங்கள். சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

கேள்வியை அமைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிறைவாசிகளின் விவரம் தரவும் என்று எழுதினால் மறுப்புதான் வரும். இப்படிக் கேளுங்கள்: கடந்த நிதியாண்டில் மாதவாரியாக இந்தக் கிளைச்சிறையில் சேர்க்கப்பட்டவர்களின் மொத்த எண்ணிக்கை, அதில் 18 முதல் 21 வயதினர் எத்தனை, பெண்கள் எத்தனை, பிற மாநிலத்தவர் எத்தனை. அங்கீகரிக்கப்பட்ட கொள்ளளவு எவ்வளவு. ஜாமீன் உத்தரவுக்குப் பின் ஏழு நாளுக்கு மேல் உள்ளே இருந்தவர்கள் எத்தனை. 479ஆம் பிரிவின் கீழ் கண்காணிப்பாளர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய மனுக்கள் எத்தனை, எத்தனை பேர் விடுதலையானார்கள். 2025 ஜூலை தீர்ப்பின்படி மாற்றுத்திறனாளிகளாகக் கண்டறியப்பட்டோர் எத்தனை, அந்தத் தரவு எந்த இணையப் பக்கத்தில் இருக்கிறது.

இந்த எண்கள் எல்லாம் கூட்டித் தரக்கூடியவை, எவரையும் அடையாளம் காட்டாதவை. பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தாலும் அதைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவு இருந்தும் கணக்கு வைக்கவில்லை என்பதற்கு அதுவே கையெழுத்திட்ட சான்று. சட்டமன்றத்தில் சிறைத்துறை மானியக் கோரிக்கை வருவதற்கு முன் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் அதன் நகலைக் கொடுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்கும் ஒன்று அனுப்புங்கள்.